ஓரத்துப் புள்ளி

கூட்டத்தில் இருந்தவர்கள்: ஆய்வு நடத்தும் டாக்டர், கணினிக்காரர், ஊர்க்காரர்கள் ஏழு பேர், கதவருகே காவலுக்கு நான்.

மருத்துவமனைப் பதிவுகளைக் கேட்காமல் ஆய்வுக்கு எடுத்ததில் ஊர் கொதித்துப்போயிருந்தது. டாக்டர் சமாதானமாகத் திரையில் ஒரு படம் காட்டினார். குறுக்கே வயது, நெடுக்கே எடை; ஒரு நோயாளிக்கு ஒரு புள்ளி.

"பேரெல்லாம் அழிச்சாச்சு. யார் யாருன்னு எங்களுக்கே தெரியாது."

"கேக்காம எடுத்தா அதுக்கு வேற பேரு சார்," என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

ஒரு பெண் சிரிக்கவில்லை. "அந்த ஓரத்துப் புள்ளி என் வீட்டுக்காரர். வயசு நாப்பத்தொண்ணு, எடை முப்பத்தெட்டு. கடைசில தூக்கிக் குளிப்பாட்டினவ நான், எனக்குத் தெரியாதா? அவர எடுத்துடுங்க."

"இறந்தவங்களுக்குச் சம்மதம் தேவையில்லம்மா."

"அப்ப நானே கூட்டிட்டுப் போறேன்." எழுந்தாள். "ஏங்க, வாங்க. வீட்டுக்குப் போலாம்."

ஓரத்துப் புள்ளி மறைந்தது. கணினிக்காரர் கைகட்டித்தான் உட்கார்ந்திருந்தார். கீழே மொத்த எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருந்தது.

"ஒண்ணு போனா முடிவு மாறாது," என்றார் டாக்டர் என்னிடம். "அவங்கள அனுப்பிட்டுக் கதவப் பூட்டு. இனி யாரும் எழுந்து போகக்கூடாது."

திறந்துவிட்டேன். வெளியே போனவள் திரும்பினாள்.

"சாத்திடாத தம்பி. அவர் மெல்லத்தான் நடப்பார்."

கதவைப் பிடித்தபடி நின்றேன். அவள் தலையசைத்த பிறகு சாத்திப் பூட்டினேன்.