ஊசிக்கன்று

"ஊசி மாட்டுக்கு வலிக்குமாக்கா?"

கொட்டகை ஓரமாக வந்து நின்ற ஷாமளாவைக் கண்டதுமே பிரேமாவதிக்கு எரிச்சல். கோயில் தலைவர் தர்மலிங்கத்தின் மருமகள். தோட்டத்துக்கு வாழ வந்ததிலிருந்து யார் வாசலையும் மிதிக்காதவள், இப்போது மட்டும் மாட்டு டாக்டர் வரும்போதெல்லாம் வந்துவிடுகிறாள்.

"மாட்டையே கேளு!"

டாக்டர் அனீசா சிரித்தார். "எறும்புக் கடிதாம்மா."

பிரேமாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. இருப்பது செம்பி ஒன்றுதான். பால் ஊற்றித்தான் வீடு ஓடுகிறது. எத்தனை முறை காளைக்கு விட்டும் சினை பிடிக்கவில்லை. இதுவும் தவறினால் குருண் டவுன் இறைச்சிக் கடைக்காரர் லாரியோடு வந்துவிடுவார்.

"ஏன் டாக்டர் சினை புடிக்க மாட்டேங்குது?"

"முட்டை வளருதுக்கா. வெளிய வர்றதுக்கு உத்தரவுதான் கெடைக்கல. ரத்தத்துல சுரக்கிற ஹார்மோன்தான் அந்த உத்தரவு. அதத்தான் ஊசியில குடுக்கிறோம். மொத ஊசியில புதுசா முட்டை வளரும். உள்ள வைக்கிற மருந்து, நேரம் வர்ற வரைக்கும் அத நிறுத்தி வைக்கும். மருந்த எடுத்துட்டுக் கடைசி ஊசி போட்டா, முட்டை வெளிய வந்துரும். அப்பவே சினை ஊசியும் போட்டுட்டா ஒட்டிக்கும் லா."

"உத்தரவு..." ஷாமளா தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிள்ளையில்லாதவள் கண். பட்டுத் தொலைக்கப் போகிறதே என்று, அவள் தலை மறைந்ததும் செம்பியின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினாள் பிரேமாவதி.

செம்பிக்குச் சினை நின்றது. பத்தாம் மாதம் கிடாரிக் கன்று!

அதே மாதம் ஷாமளாவுக்கும் ஆண் குழந்தை. "அம்மா உத்தரவு குடுத்துட்டா!" என்று தர்மலிங்கம் வீடு வீடாக லட்டு கொடுத்தார்.

கன்று பிறந்து மாதம் கழிந்த வெள்ளிக்கிழமை, அம்மனுக்கு நேர்ந்துகொண்ட பாலைக் குடத்தில் கோயிலுக்கு எடுத்துப்போனாள் பிரேமாவதி. குழந்தைக்கு முப்பது நாள் கழிந்து, தலைவர் குடும்பமும் அன்றுதான் வந்திருந்தது.

"நில்லு பிரேமா. அந்தப் பால் ஆகாது."

"ஏன் தலைவரே?"

"காளை சேராம வந்த ஊசிக்கன்னு அது. அம்மா உத்தரவுல பொறக்கல, டாக்டர் உத்தரவுல பொறந்துச்சு. அந்தப் பால அம்மா தலையில ஊத்துறதா? தீட்டுமா!"

"அப்ப நாமளும் அதக் குடிக்கக் கூடாதோ?" கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

அம்மனுக்கு ஆகாத பாலை நாளைக்கு எந்த வீட்டில் வாங்குவார்கள்? வந்து வந்து வேவு பார்த்தவள்தானே போட்டுக் கொடுத்திருப்பாள்! ஆத்திரத்தோடு ஷாமளாவைத் தேடினாள் பிரேமாவதி.

ஷாமளா பிள்ளையோடு நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தாள். வந்து பிரேமாவதியின் பக்கத்தில் நின்றாள்.

"எங்கம்மா போற? புள்ளைய அம்மா காலடியில போடணும், நல்ல நேரம் போவுது!"

"நாங்க வெளியவே நிக்கிறோம் மாமா."

"என்னம்மா பேசுற?"

"எனக்கும் முட்டை வளந்துச்சு மாமா. உத்தரவுதான் கெடைக்கல. செம்பிக்குப் போட்டப்பவே நானும் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டேன். உங்க மகன்தான் கூட்டிட்டுப் போனாரு. பயத்துல சாவ இருந்தேன். செம்பி அசையாம நிக்கிறதப் பாத்துத்தான் தைரியம் வந்துச்சு." பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இவனும் ஊசிப்புள்ளதான்."

மேளம் நின்றுபோனது. பிள்ளை மட்டும் கொட்டாவி விட்டது.

பிரேமாவதி குடத்தை ஷாமளாவின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

தர்மலிங்கம் பேரனைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"பல்லி சொல்லுச்சே, கேட்டீங்களா?"

யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

"அம்மா உத்தரவு குடுத்துட்டா! ஊசிப்பால உள்ள கொண்டாங்க!"