தோட்டத்துக் கை

லயத்தில் அடுத்த காம்பராவில் நடப்பது தெரியாமல் பாப்பாத்திக்கு ரொட்டி இறங்காது. அதனால் தேயிலை மெஷினில் வலது கையைப் பறிகொடுத்த வெள்ளையம்மாவுக்காகச் சீமையிலிருந்து தோட்டத்துத் துரை தருவித்த இரும்புக் கை தெமோதரை ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது, அதை முதலில் தொட்டுப் பார்த்தவளும் அவள்தான்.

கை படு சமர்த்து. வெள்ளையம்மா இருபது றாத்தல் கொழுந்து எடுத்த மலையில் அது நாற்பது எடுத்தது. வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. வாசல் செவ்வந்தியை மொட்டோடு கிள்ளி, முதுகில் இல்லாத கூடைக்குள் வீசிக்கொண்டே இருந்தது.

"நாளைக்குப் பிள்ளையையும் கிள்ளும்க்கா. கழட்டிக் குடுத்திரப் போறேன்," என்றாள் வெள்ளையம்மா.

"நாப்பது றாத்தல் கையை எவளாச்சும் வேணாம்பாளா, கிறுக்கச்சி?"

சனிக்கிழமை வெள்ளையம்மா தோட்டத்து ஆபீசில் கையைக் கழற்றி வைத்தாள். பாப்பாத்தி சன்னலோரம் நின்றாள், தற்செயலாகத்தான்.

"தோட்டத்துச் சாமானைக் கழட்ட ஒன்னைய யாரு சொன்னா?" கணக்கப்பிள்ளை சீறினார்.

"கை தோட்டத்துதுங்க. ஒடம்பு என்னுது. இனி வேலைக்கு வரலைங்க."

திங்கள் காலை, வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டில், வேடிக்கை பார்க்கப் பாப்பாத்தி முன்வரிசையில் நின்றாள். பேர் வாசிக்கும்போது கை தூக்கினால்தான் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழும்.

"வெள்ளையம்மா!"

அவளோ கீழே லயத்து வாசலில், இடது கையால் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். கணக்கப்பிள்ளையின் மேசைமேல் கிடந்த இரும்புக் கை மெல்ல எழுந்து நின்றது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். பேரைப் போட்டார். பக்கத்தைப் புரட்டினார்.

"பாப்பாத்தி!"

பாப்பாத்தி தன் இரண்டு கைகளையும் கம்பளிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.