ஒத்திகைக்கு ஒரு முதலீட்டாளர்

கோட்டு தோளில் கொஞ்சம் பெரியது. துணை இயக்குநருடையது.

அதைப் போட்டுக்கொண்டு முதலீட்டாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் மாசிலாமணி. அயல்நாட்டு முதலீட்டுப் பிரிவில் பதினேழு வருடமாக அலுவலக உதவியாளர்.

நாளைக் காலை பதினொரு மணிக்கு நிஜ முதலீட்டாளர் ஜெர்மனியிலிருந்து வருகிறார். இன்று ஒத்திகை. நாற்காலிக்கு ஓர் ஆள் வேண்டும். அலுவலகத்திலேயே கொஞ்சம் சிவப்பு இவர்தான்.

தேர்வு வெளிப்படையாக நடந்தது.

பூங்கொத்து கொடுத்தார்கள். முந்திரி வைத்தார்கள். அந்த முந்திரியைத் தட்டில் கொட்டிக் கொண்டுவந்ததும் அவர்தான். இயக்குநர் குனிந்து கைகொடுத்து, "வெல்கம் சார்" என்றார்.

பதினேழு வருடத்தில் அவரை அங்கே யாரும் சார் என்றதில்லை.

கையில் ஒரு தாள். முதலீட்டாளர் கேட்கக்கூடிய கேள்விகள். ஆங்கிலம், தமிழ் எழுத்தில்.

"வாட் அபௌட் வாட்டர்?" என்று வாசித்தார்.

இருபத்துநாலு மணி நேரமும் வரும் என்றார்கள்.

அவர் ஊரில் வாரத்துக்கு ஒரு லாரி வரும். தலையாட்டினார். முதலீட்டாளர் தலையாட்ட வேண்டிய இடம் அது.

விளக்கை அணைத்தார்கள். திரையில் நிலம் வந்தது. வானத்திலிருந்து எடுத்த படம். பொன்னேரிக்கு அந்தப் பக்கம், நானூற்றுப் பன்னிரண்டு ஏக்கர். முழுக்கப் பச்சை அடித்திருந்தார்கள். மேலே, 'ஆட்கள் வசிக்காத நிலம்'.

மூலையில், குளத்துக்குப் பக்கத்தில், பச்சை சரியாகப் பிடிக்காமல் நான்கு சாம்பல் புள்ளிகள்.

மூன்றாவது புள்ளியின் மேல் நீலமாக ஏதோ.

போன மழைக்கு அவரே ஏறிக் கட்டிய தார்ப்பாய்.

இந்நேரம் அதன் அடியில் அவர் மனைவி சோறு வடித்துக்கொண்டிருப்பாள்.

தாளில் இல்லாததைத் தமிழிலேயே கேட்டார்.

"அந்த மூலையில நாலு வீடு இருக்குதுங்களே... அதை என்ன பண்ணுவீங்க?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ் மாசிலாமணி! நமக்கு இது தோணவே இல்லையேய்யா. நாளைக்கு அவரு கேட்டிருந்தா முழிச்சிருப்போம். தமயந்தி, எழுதிக்கோங்கம்மா."

எழுத்தர் தமயந்தி எழுதினார்.

நான்கே நிமிடத்தில் பதில் தயார். ஆக்கிரமிப்புகள் முப்பது நாளில் அகற்றப்படும்.

முப்பது அதிகம் என்றார் யாரோ. பதினைந்தாக்கினார்கள்.

துணை இயக்குநர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். தன் கோட்டு என்பதால், மெதுவாக.

"இன்னொரு தடவை கேளுய்யா. கொஞ்சம் கோவமா. வெள்ளைக்காரன் அப்படித்தான் கேப்பான்."

அவர் எழுந்து நின்றார். கோபத்துக்குச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

"அதுல மூணாவது வீடு என்னுதுங்கய்யா."

தமயந்தியின் பேனா பாதியில் நின்றது. இயக்குநரைப் பார்த்தார்.

இயக்குநர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"அது எழுத வேணாம்மா," என்றார். "அதை அவரு கேக்க மாட்டாரு."

அடுத்த படம் வந்தது. துறைமுகம். பதினெட்டே கிலோமீட்டர்.