வியாழக்கிழமை எட்டு மணி ஆட்டம்

கம்ப்யூட்டர் முன்னால் ஸ்லாவிஷா கொக்கு மாதிரி காத்திருந்தார். ஆறு மணி ஆனதும் இந்த வாரத்துக்கான மைதான முன்பதிவு திறக்கும். வியாழன் எட்டு மணியை மூன்று வாரமாகத் தட்டிப் பறிக்கும் திருட்டுப்பயலை இன்று முந்திவிடுவது என்று கங்கணம் கட்டியிருந்தார்.

ஆறு அடித்தது. பக்கத்தில் கிடந்த அவருடைய போன் சிணுங்கியது.

“பேங்க்ல இருந்து நம்பர் வந்திருக்கும், படிய்யா! ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்குறேன்!” அடுக்களையிலிருந்து மனைவி கோர்டானா கத்தினாள்.

“நேரங்காலம் தெரியாம உயிரை வாங்காதே!” என்று எரிந்து விழுந்தபடியே எண்ணைப் படித்துச் சொன்னார். திரும்பிப் பார்த்தால் வியாழன் எட்டு மணி போயே போய்விட்டது. வேறு யாரோ பணம் கட்டிவிட்டார்கள்.

ஸ்லாவிஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயதில் அவருக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு மணி நேரக் கால்பந்துதான். ஆடிவிட்டு வந்து அவரும் கூட்டாளிகளுமாக ஐந்து பேரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகுவதும், மனைவிமார் தைலம் தேய்த்தே கை ஓய்ந்துபோவதும் வேறு விஷயம்.

வியாழனன்று கூட்டாளி மிலோராதையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்கே போனார். அந்தப் பயலைக் கண்டுபிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் விளக்குகள் ஜகஜ்ஜோதியாக எரிந்தன. ஆடத்தான் ஈ காக்காய் இல்லை.

“என்னடா இது, பேயா விளையாடுது?” என்றார் மிலோராத்.

ஸ்லாவிஷா கோட்டுக்குள் இருந்த ராக்கியா சாராய பாட்டிலைக் காவலாளியின் பக்கம் லேசாக எட்டிப்பார்க்க வைத்தார். “வெல்கோ, சும்மாதானே கிடக்கு. கதவைத் திறந்துவிடுப்பா.”

வெல்கோ பாட்டிலை ஏக்கத்தோடு பார்த்தார். “அதெல்லாம் அந்தக் காலம்ணே. இப்ப மைதானத்தைப் பார்த்துக்கிறதே சாஃப்ட்வேர்தான். அதோட ஆன்லைன் பணத்தையும் கோத்துவிட்டுட்டாங்க. காசு விழுந்தா லைட்டு தானா எரியும், கட்டினவங்க போனைக் காட்டினாத்தான் கதவு திறக்கும். என்கிட்ட சாவியே கிடையாது.”

“கட்டினவன் எவன்? பேரைச் சொல்லு!”

“பேரெல்லாம் எனக்குக் காட்டாதுண்ணே. பணம் வந்தாச்சுன்னு மட்டும்தான் காட்டும்.”

வேலியோரம் நின்று மூவரும் பாட்டிலைக் காலி செய்ததுதான் மிச்சம்.

வீட்டில் முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்த சார்மா ஆவி பறக்கக் காத்திருந்தது. ஸ்லாவிஷா நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

“காலி மைதானத்துக்கு வாராவாரம் பணத்தைக் கொட்டுறானே, அவனுக்கென்ன கிறுக்கா? எங்க அஞ்சு பேர் வயித்தெரிச்சல் அவனைச் சும்மா விடுமா? நீயே சொல்லு!”

கோர்டானா நிதானமாக அவர் தட்டில் இன்னொரு சார்மாவை வைத்தாள்.

“இந்த வாரம் நான் கட்டினேன், அடுத்த வாரம் மிலோராத் பொண்டாட்டி முறை.”