கையைப் பேசாம வெச்சிருங்க

அவளுடைய இரண்டு மணிக்கட்டிலும் பட்டை. உள்ளே தகடு, மேலே இறுக்கிப் பிடிக்கிற வெல்க்ரோ.

இஸ்திரிக் கடையில் பெட்டியைத் தள்ளித் தள்ளி மணிக்கட்டு நரம்பு நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். ஊசி போட்டாயிற்று. "ஆபரேஷன் வேணாம்னா ஒரே வழிதான். ஆறு வாரம் கையைப் பேசாம வெச்சிருங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கொழுந்தன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவள் விரலை அசைத்தாலே, "அண்ணி, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று முன்னால் வந்து நின்றுவிடுவான். திடீர் அக்கறை.

இன்று மகள் விஷயம். வேறு ஊரில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. சேருகிறாளா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

கொழுந்தன் சோபாவில் சம்மணம் போட்டுத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வாயையே பார்த்தபடி அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். புருஷன் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தான். பிள்ளைப்பூச்சி.

"பொட்டப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு யாரு வயித்துல நெருப்பக் கட்டிக்கிறது? வேணாம்னு போன் போட்டுச் சொல்லிடு."

"அம்மாவக் கேளுங்க சித்தப்பா." மகள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"கேக்க என்ன இருக்கு? அண்ணி பேசாமத்தானே உக்காந்திருக்காங்க? மௌனம் சம்மதம்." சிரித்தான்.

அவள் வலது மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனாள். பட்டையின் நுனியைப் பல்லால் கவ்வி இழுத்தாள்.

சர்ர்ர்ரென்று பிரிந்த சத்தத்தில் வீடே தூக்கிவாரிப்போட்டுத் திரும்பியது.

அடுத்து இடது கை. இன்னொரு சர்ர்ர்.

பட்டைகள் தரையில் விழுந்தன. உள்ளங்கையில் எறும்பு ஊர்ந்தது. கட்டைவிரலில் சுரீரென்று ஊசி இறங்கியது. இறங்கட்டும்.

இரண்டு கையையும் கொழுந்தன் மூக்குக்கு நேராகத் தூக்கினாள். விரல்கள் மடங்கின, விரிந்தன, காற்றை வெட்டின.

மகள் அந்த விரல்களைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகப் படித்தாள்.

"நான்... எப்படா... சம்மதிச்சேன்?"

கொழுந்தன் முகம் சிவந்தது.

"அந்த 'டா' நான் போட்டதில்ல சித்தப்பா. அம்மா போட்டது. எம்பொண்ணு போவாங்கிறாங்க."

பட்டை பிரிந்த சத்தம் இன்னும் மற்ற எல்லார் காதிலும் இருந்தது.

பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டறியாத அவள், இன்னும் பேசி முடிக்கவில்லை.