தியாகி யோகேஷ்

“அந்த பேனரை இறக்குங்க சார். அதுல இருக்கிறது என் வீட்டுக்காரர்.”

லோத்குண்டா மெயின் ரோட்டில் கட்சியின் தேர்தல் அலுவலகம். மக்களவைத் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. கொடி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஜெகதீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஏரியாவில் கட்சிக்கு எல்லாம் அவர்தான். தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்காகச் செகந்திராபாத் வந்துவிட்ட தமிழ்க் குடும்பம்; பேச்சில் அந்த ஊர் இந்தியும் கலந்து வரும்.

எதிரே நின்ற பெண்ணின் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காரும்மா. உங்களைத்தான் தேடிட்டிருந்தோம். வீடு பூட்டியே கிடந்துச்சு. பேரு என்ன?”

“பானு.”

பானு உட்காரவில்லை. யோகேஷின் உடலை ஆற்காட்டுக்குக் கொண்டுபோய், காரியமெல்லாம் முடிந்து, மாமியாரோடு சில வாரங்கள் இருந்துவிட்டு அன்று காலையில்தான் திரும்பியிருந்தாள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வரும்போதே பார்த்துவிட்டாள். வழியெல்லாம் அவன் முகம். கீழே தெலுங்கிலும் இந்தியிலும், ‘அவர்கள் கொன்ற நம் தியாகி. உங்கள் ஓட்டுதான் பதிலடி.’ டேங்க் பண்ட் ஏரிக்கரையில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது. அவளை வெட்டிவிட்டிருந்தார்கள். அவன் தோளில் அவள் விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன.

அவனை யாரும் கொல்லவில்லை என்று அவள் சொன்னாள். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூடாமலே கிடந்தது. தெருவிளக்கும் எரியவில்லை. வேலை முடிந்து வந்தவன் பைக்கோடு உள்ளே விழுந்துவிட்டான். போலீஸே அப்படித்தான் எழுதியிருக்கிறது. பள்ளம் இருந்த தெருவில் ஒரு மசூதியும் இருக்கிறது. அது ஒன்று போதுமா உங்களுக்கு என்று கேட்டாள்.

ஜெகதீஸ்வரன் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“பள்ளத்தைச் சொன்னா எவன்மா ஓட்டுப் போடுவான்? ஊரெல்லாம் பள்ளம்தான். காய்கூ, எதுக்கு டென்ஷன் ஆறீங்க? தம்பி செத்தது வீணாப் போகக் கூடாதுன்னுதானே இவ்வளவும் பண்றோம்.”

“உங்க பேனரைப் பார்த்துட்டு அந்தத் தெரு பஞ்சர் கடைக்காரரை அடிச்சிருக்காங்க. கை உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கிறார். இவரைப் பள்ளத்துலேர்ந்து தூக்கி ஆட்டோவுல ஏத்தினதே அவர்தான் சார். எனக்கு போன் பண்ணிச் சொன்னதும் அவர்தான்.”

அதற்கு அவர் சொன்ன பதில் நீளமாக இருந்தது. அவர்களை அப்படியெல்லாம் நம்பிவிடக் கூடாது என்றார். தள்ளுவதும் அவர்கள்தான், தூக்குவதும் அவர்கள்தான் என்றார். மூன்று தலைமுறையாக இதே ஊரில் அவர்களைப் பார்த்துவருவதாகவும், ஐ.டி. வேலைக்கென்று நேற்று வந்தவர்களுக்கு அவர்கள் புத்தி தெரியாது என்றும் சொன்னார். அவளைப் போன்ற நம் வீட்டுப் பெண்கள் பயமில்லாமல் தெருவில் நடக்க வேண்டுமென்றால் இந்தத் தேர்தலை விட்டுவிடக் கூடாதாம். குரலில் நிஜமான அக்கறை இருந்தது. பானு தோள்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் ஒரு நாளும் சாமியைப் பார்த்து ஓட்டுப் போட்டதில்லை சார். தண்ணி வருதா, ரோடு இருக்கா, அதைத்தான் பார்ப்பார். அவர் முகத்தைக் காட்டி நீங்க ஓட்டுக் கேக்கறீங்க. வெட்கமா இல்லையா?”

தேர்தல் கமிஷனில் புகார் கொடுக்கப் போவதாகவும் சொன்னாள். தாராளமாகக் கொடுங்கள், அதிகாரிகள் வந்து விசாரிப்பதற்குள் ஓட்டுப்பதிவே முடிந்துவிடும் என்றார் ஜெகதீஸ்வரன். அவருக்குக் கோபம் வரவில்லை. சின்ன வயசில் வந்த துக்கம், அப்படித்தான் பேசும் என்பதுபோலத் தலையாட்டினார். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

சாயங்காலம் பெரிய கூட்டம். டில்லியிலிருந்து தலைவர் வருகிறார். மேடையில், தலைவருக்குப் பக்கத்திலேயே அவளுக்கு இடம். எல்லா டி.வி.யிலும் காட்டுவார்கள். அவள் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து நின்று கும்பிட்டால் போதும். அழுகை வந்தால் அடக்க வேண்டியதில்லை.

பானு வாசலுக்கு வெளியே தெரிந்த யோகேஷின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வர்றேன். ஆனா என் முழுப் பேரையும் சொல்லித்தான் கூப்பிடணும்.”

“ஹவ் ஹவ், ஆமாமா, அதைக்கூடச் செய்ய மாட்டோமாம்மா?”

ஜெகதீஸ்வரன் உடனே செல்போனை எடுத்து, மேடையில் அறிவிப்புச் செய்பவரைப் பிடித்தார். தியாகியின் மனைவியே மேடைக்கு வருகிறார், பெயரைக் குறித்துக்கொள் என்று தெலுங்கில் உற்சாகமாகச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“பானுமதி யோகேஷ்னு சொல்லிடலாம் இல்ல?”

“பானுமதி இல்லை சார். நூர்ஜஹான் பானு. ஆற்காடு அப்துல் சமது மகள்னு சேர்த்தே சொல்லச் சொல்லுங்க.”

கூட்டம் தொடங்குவதற்குள், கட்சிக்காரர்களே ஏணி வைத்து ஏறி அத்தனை பேனரையும் இறக்கிவிட்டார்கள்.