அளவு ரவிக்கை

நாற்பத்தாறு வயதில் தாயாரம்மாளுக்கு இடுப்பு பருத்துவிட்டது. எவ்வளவு கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்தும் நரை நிற்கவில்லை. அவள் புருஷன் கன்னியப்பனின் மூத்த தாரம் கனகாவுக்கு மட்டும் என்றைக்கும் இருபத்திரண்டு. சுமங்கலியாகச் செத்த அவளுக்குத்தான் வருஷா வருஷம் பூவாடைப் படையலில் புது நைலக்ஸ் சேலையும் ரவிக்கையும். படைத்த பிறகு தாயாரம்மாள் உடுத்தலாம். ஆனால் கனகாவின் அளவில் தைத்த ரவிக்கைக்குள் அவள் கையே நுழையாது.

இந்த வருஷம் உத்திரமேரூர் டெய்லரிடம் தன்னுடைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்தாள்.

"செத்தவளுக்கு இன்னா தெரியப் போவுது" என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

கற்பூரம் காட்டிவிட்டு, பூவாடைக்காரியாகிவிட்ட கனகா வந்து ஏற்றுக்கொள்ளட்டும் என்று வழக்கம்போல் அறைக்கதவைச் சாத்தினார்கள். கால் மணி கழித்துத் திறந்ததும் தாயாரம்மாள்தான் முதலில் ரவிக்கையை எடுத்தாள். இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, உள்ளே பிடித்துக் கையால் தைத்திருந்தது. அக்குள் இரண்டும் ஈரமாக இருந்தன.

கன்னியப்பன் அதை வாங்கிப் பார்த்தான்.

"அவ கைத்தையலுதான். இன்னும் அப்டியேதான் கீறா" என்றான் நிதானமாக.

தாயாரம்மாளுக்குப் பயம் வரவில்லை. அவன் அந்த ஈரத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டபோதுதான் வயிறு எரிந்தது.